ஆன் பண்ணி டீ போட்டு வந்தாலும் திறக்காத லேப்டாப்... புதுசு வாங்கும் முன் இதைப் பாருங்க!

பவர் பட்டனை அழுத்திட்டு, கிச்சனுக்குப் போய் டீ போட்டு, அதைக் குடிச்சும் முடிச்சுட்டு வந்து பார்த்தால், திரையில் இன்னும் அந்தப் புள்ளிகள் வட்டமடிச்சுக்கிட்டே இருக்கா? உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டரும் அந்த ரகம்னா, வாங்க பேசுவோம்.

எங்கள் வீட்டிலும் இந்தப் பஞ்சாயத்து நடந்தது. தங்கைக்கு இன்ஜினீயரிங் கவுன்சலிங். போனில் கல்லூரிப் பட்டியலை நிரப்பினால் கை தவறி வரிசை மாறிடும்னு பயந்து, ஏழு வருஷப் பழைய லேப்டாப்பைத் திறந்தாள். பக்கம் முழுசா வருவதற்குள் நேரம் முடிந்து வெளியே தள்ளிவிட்டது. ஒருமுறை இல்லை, மூன்று முறை. மறுநாள் கடையில் காட்டினால், "இது அவ்ளோதாங்க. புதுசு வாங்கிடுங்க, இ.எம்.ஐ போட்டுக்கலாம்" என்றார்கள். திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்பா பாஸ்புக்கைத் தேட ஆரம்பித்துவிட்டார்.

அந்த லேப்டாப் இன்னைக்கும் வீட்டில் ஓடுது. என்ன பண்ணினோம்?

முதலில் ஒரு சின்ன விஷயம். கடைசியாக எப்போ 'ரீஸ்டார்ட்' கொடுத்தீங்க? தினமும் ஷட் டவுன் பண்றோமே, அது போதாதா என்றால், போதாது. விண்டோஸ் 8-ல் இருந்து 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்' என்று ஒரு வசதி இருக்கிறது. அது ஆனில் இருந்தால், ஷட் டவுன் பண்ணும்போது விண்டோஸ் தன் மையப் பகுதியை அப்படியே டிஸ்க்கில் எழுதி வைத்துக்கொள்ளும். மறுநாள் அதையே எடுத்து விரிக்கும். நேற்றைய சிக்கலும் கூடவே வந்து உட்காரும். ரீஸ்டார்ட் கொடுத்தால்தான் எல்லாம் புதிதாகத் தொடங்கும். காசு செலவில்லாத வைத்தியம், முதலில் இதைப் பண்ணிப் பாருங்க.

அதிலும் சரியாகவில்லையா? கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். 'மோர் டீடெய்ல்ஸ்' என்று கேட்டால் அதையும் தட்டுங்க. சி.பி.யு, மெமரி, டிஸ்க் என்று மூன்று சதவிகிதங்கள் தெரியும். கம்ப்யூட்டர் ஆன் ஆனதும் ஒருமுறை, வழக்கமான வேலை பார்க்கும்போது ஒருமுறை பாருங்கள். கடைக்காரர் பண்ணாத பரிசோதனை இதுதான்.

எங்கள் லேப்டாப்பில் டிஸ்க் 100 சதவிகிதத்திலேயே நின்றது. சி.பி.யு பத்தைக்கூடத் தாண்டவில்லை. அதாவது மூளை சும்மா உட்கார்ந்திருக்கிறது, தகவல் வந்து சேரவில்லை.

பழைய லேப்டாப்கள் பெரும்பாலானவற்றில் இருப்பது சுழலும் ஹார்டு டிஸ்க். உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும். ஒரு ஃபைல் வேண்டுமென்றால், படிக்கும் முனை நகர்ந்து சரியான இடத்துக்குப் போகணும், தட்டும் அந்த இடத்துக்குச் சுற்றி வரணும். தட்டு பாதிச் சுற்று சுற்றவே ஐந்தரை மில்லிசெகண்ட் ஆகும். கேட்க ரொம்பக் கம்மியாகத் தெரியும். ஆனால், விண்டோஸ் திறக்கும்போது ஆயிரக்கணக்கான குட்டிக் குட்டி ஃபைல்களைக் கேட்கும். மளிகைக் கடையில் பட்டியலை நீட்டினால், ஒவ்வொரு பொருளுக்கும் ஒருமுறை குடோனுக்கு ஓடிவரும் பையன் மாதிரிதான் இது. இப்படிச் சிதறிக் கிடப்பதை எடுக்கும்போது, விநாடிக்கு நூறு முறை ஓடுவதே அவனுக்குப் பெரிய பாடு. எஸ்.எஸ்.டி-யில் சுற்றும் பாகமே கிடையாது. அதே வேலையை விநாடிக்கு ஆயிரக்கணக்கில் முடிக்கும்.

அதனால், டிஸ்க்தான் திணறுகிறது, அது ஹார்டு டிஸ்க்தான் என்று உறுதியானால், வேறு எதிலும் காசு போடாதீங்க. எஸ்.எஸ்.டி மாற்றுங்கள். மாடல் நம்பரைச் சொல்லிக் கேட்டால், எந்த வகை பொருந்தும் என்று கடையில் சொல்வார்கள். புது லேப்டாப் விலையில் இது ஒரு சின்னப் பங்குதான். விண்டோஸ் லைசென்ஸ் போயிடுமோ என்ற பயம் வேண்டாம். லேப்டாப்போடு வந்த லைசென்ஸ் மதர்போர்டோடு ஒட்டியது, டிஸ்க்கோடு இல்லை.

ஒரு எச்சரிக்கை. மெமரியும் 90-ஐத் தாண்டி, டிஸ்க்கும் 100-ல் நின்றால், குற்றவாளி ரேம் ஆக இருக்கலாம். ரேமில் இடம் தீர்ந்ததும் விண்டோஸ் மிச்சத்தை டிஸ்க்கில் இறக்கி ஏற்றும். 4 ஜி.பி ரேமில் குரோமில் இருபது டேப் திறந்தால் இந்தக் கதிதான். டேப்களை மூடுங்க. டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்டப் பக்கத்தில், ஆன் ஆனதுமே தானாகக் கிளம்பும் ஆப்களில் தேவையில்லாததை 'டிஸேபிள்' பண்ணுங்க. அப்புறமும் முடியலைன்னா ரேம் கூட்டலாம். டி.டி.ஆர் 3 இருக்கும் இடத்தில் டி.டி.ஆர் 4 நுழையாது. சில மாடல்களில் ரேம் போர்டிலேயே பற்றவைக்கப்பட்டிருக்கும், கூட்டவே முடியாது. கேட்டுட்டு வாங்குங்க.

சி.பி.யு மட்டும் எகிறினால், எந்த புரோகிராம் என்று அங்கேயே பெயரோடு தெரியும். விண்டோஸ் அப்டேட் என்றால் கொஞ்ச நேரம் பொறுங்க. ஃபேன் இரைந்துகொண்டே இருந்தால் தூசி. மெத்தை மேல் வைத்துப் படம் பார்க்கும் பழக்கம் இருக்கா? அடியில் காற்று போகும் வழி அடைபட்டால், சூட்டிலிருந்து தப்பிக்க சி.பி.யு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

'ஒரே கிளிக்கில் வேகம்' என்று விளம்பரம் செய்யும் கிளீனர் ஆப்கள்? என் ஓட்டு, வேண்டாம். ரெஜிஸ்ட்ரி கிளீனர்களை மைக்ரோசாஃப்ட்டே ஆதரிப்பதில்லை. குப்பையை நீக்க செட்டிங்ஸில் சிஸ்டம், ஸ்டோரேஜ், டெம்பரரி ஃபைல்ஸ் போதும். ஆனால், அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' ஃபோல்டரும் இருக்கும். அதை டிக் பண்ணினால் டவுன்லோடு செய்து வைத்த ஹால் டிக்கெட்டும் சேர்ந்து காலி!

இதையெல்லாம் தொடங்கும் முன் போட்டோ, சர்ட்டிஃபிகேட் ஸ்கேன் எல்லாவற்றையும் வேறு இடத்தில் ஒரு காப்பி எடுத்துடுங்க. திடீர்னு ஸ்லோ ஆகி, உள்ளேயிருந்து டிக் டிக்னு சத்தம் வந்தால், அது வயசான டிஸ்க் மட்டுமில்லை, சாகப்போற டிஸ்க்காகவும் இருக்கலாம். 'கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ' என்ற இலவச மென்பொருள் டிஸ்க்கின் ஆரோக்கியத்தைக் காட்டும். அதில் 'காஷன்' அல்லது 'பேட்' என்று வந்தால், மற்ற வேலையை விட்டுட்டு காப்பியை முடிங்க.

எஸ்.எஸ்.டி எல்லாவற்றையும் தீர்க்காது என்பதையும் சொல்லிடணும். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம் 2.0 உட்பட சில நிபந்தனைகள் உண்டு. உங்கள் மெஷின் தேறவில்லை என்றால், லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளம் போட்டுப் பார்க்கலாம். பிரவுஸர், டைப்பிங், படம் பார்க்க அது தாராளம்.

மாற்றிய பழைய டிஸ்க்கைக் கடையிலேயே விட்டுட்டு வராதீங்க. ஆதார் ஸ்கேனிலிருந்து அம்மாவின் வங்கி ஸ்டேட்மென்ட் வரை அதில்தான் கிடக்கும். நல்ல நிலையில் இருந்தால் ஒரு யு.எஸ்.பி கேஸ் வாங்கி மாட்டுங்க, எக்ஸ்டர்னல் டிஸ்க் ரெடி. தங்கை அதில்தான் இப்போ செமஸ்டர் நோட்ஸ் சேர்த்து வைக்கிறாள்.