போனில் நாலு வைஃபை பெயர் தெரியுதா? பெட்டி ஒன்றாகவே இருக்கலாம்! தொழிற்சாலை நெட்வொர்க் இயங்குவது எப்படி?

கும்மிடிப்பூண்டி சிப்காட், தேர்வாய்கண்டிகை, திருவள்ளூர் அருகே உள்ள காக்களூர் தொழிற்பேட்டை. இங்கே ஏதாவது ஒரு தொழிற்சாலை வாசலில் நின்று போனில் வைஃபையைத் திறந்தால் 'ஆபீஸ்', 'ஸ்டோர்ஸ்', 'கெஸ்ட்' என்று வரிசையாகப் பெயர்கள் வரலாம். பெயருக்கு ஒரு பெட்டி மாட்டியிருப்பார்களோ என்று தோன்றும். பெரும்பாலும் அப்படி இல்லை.

நிஜப் பெட்டி, மெய்நிகர் பெட்டி... என்ன வித்தியாசம்?

சுவரிலோ கூரையிலோ மாட்டியிருக்கும் ஆக்சஸ் பாயின்ட்தான் நிஜப் பெட்டி. அது ஒரே நேரத்தில் பல வைஃபை பெயர்களை ஒலிபரப்பும். ஒவ்வொரு பெயருக்கும் தனி பாஸ்வேர்டு, தனி முகவரி இருப்பதால், போனுக்கு அவை தனித்தனி பெட்டிகளாகவே தெரியும். இவைதான் மெய்நிகர் ஆக்சஸ் பாயின்ட்கள்.

வைஃபை அனலைசர் செயலியில் பார்த்தால், இரண்டு பெயர்களின் முகவரி ஓரிரு எழுத்துகள் மட்டும் மாறி, சிக்னலும் ஒரே அளவில் இருக்கும். அப்படியென்றால் பெட்டி ஒன்றாகத்தான் இருக்க வேண்டும்.

ஏன் பிரிக்க வேண்டும்?

லாரி டிரைவர், கான்ட்ராக்டர், கணக்குப் பிரிவு, பார்கோடு ஸ்கேனர், இயந்திரங்கள் எல்லாம் ஒரே வைஃபையில் இருந்தால், வைரஸ் புகுந்த ஒரு லேப்டாப் போதும். 2017 மே மாதம் உலகை உலுக்கிய வானாக்ரை தாக்குதலில், ஒரகடத்தில் உள்ள ரெனோ-நிசான் ஆலையும் பாதிக்கப்பட்டது. விண்டோஸில் இருந்த ஓட்டை வழியாக, ஒரே நெட்வொர்க்கில் இருந்த கம்ப்யூட்டர்களுக்குத் தானாகவே பரவிய வைரஸ் அது.

பெயரை மட்டும் பிரித்தால் போதுமா? போதாது. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் வி-லேன் எனப்படும் தனிப் பாதையும், நடுவே ஃபயர்வாலும் வேண்டும். இல்லாவிட்டால் வாசல் இரண்டு, கூடம் ஒன்று என்ற கதைதான்.

அப்போ பத்து பெயர் வைக்கலாமா?

வேண்டாம். ஒவ்வொரு பெயரும் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று நொடிக்குச் சுமார் 10 முறை அறிவிக்கும், அதுவும் குறைந்த வேகத்தில். ஒரே சேனலில் 4 பெட்டிகள், பெட்டிக்கு 5 பெயர்கள் என்றால் நொடிக்குச் சுமார் 200 அறிவிப்புகள். யாரும் பயன்படுத்தாவிட்டாலும் இந்த நேரம் வீண்தான். 2.4 கிகாஹெர்ட்ஸில் ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 ஆகிய மூன்றுதான். அதனால் 3 அல்லது 4 பெயர்களோடு நிறுத்துவது நல்லது.

எப்படி வரிசைப்படுத்துவது?

இரண்டு பட்டியல் வேண்டும். நிஜப் பெட்டிகளை இடத்தை வைத்துப் பிரிக்க வேண்டும். 'ஷெட் 2, கிழக்கு, 03' என்று பெயரிட்டு, சேனல், எந்த ஸ்விட்சில் எந்த போர்ட் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். மெய்நிகர் பெட்டிகளை ஆட்களை வைத்துப் பிரிக்க வேண்டும். யாருக்கு, எந்த வி-லேன், பாஸ்வேர்டு எப்போது மாறியது என்பது அதில் இருக்க வேண்டும்.

பழுது வரும்போதுதான் இதன் அருமை தெரியும். ஒரு ஷெட்டில் எந்தப் பெயருமே வரவில்லை என்றால் கோளாறு நிஜப் பெட்டியிலோ, அதன் கேபிளிலோ. ஏணியோடு போக வேண்டும். எல்லா ஷெட்டிலும் 'கெஸ்ட்' மட்டும் வேலை செய்யவில்லை என்றால் கோளாறு செட்டிங்கில். கன்ட்ரோலர் வசதி இருந்தால் உட்கார்ந்த இடத்திலேயே ஒரு முறை திருத்தினால் எல்லாப் பெட்டிகளிலும் மாறிவிடும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2022 ஏப்ரலில் சர்ட்-இன் அமைப்பு பிறப்பித்த உத்தரவுப்படி, நிறுவனங்கள் தங்கள் கணினி அமைப்புகளின் பதிவுகளை 180 நாட்கள் வைத்திருக்க வேண்டும். சைபர் தாக்குதல் தெரிந்தால் 6 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். எல்லோரும் ஒரே பாஸ்வேர்டில் இருக்கும் இடத்தில், யார் எந்த வழியில் வந்தார்கள் என்று அதற்குள் சொல்வது கஷ்டம்.

பத்து பேர் வேலை செய்யும் சிறிய பட்டறைக்கும் இது பொருந்தும். இப்போது வரும் பல ரவுட்டர்களில் 'கெஸ்ட் நெட்வொர்க்' வசதி இருக்கிறது. அதை ஆன் செய்து, வெளியாட்களுக்கு அந்த பாஸ்வேர்டை மட்டும் கொடுத்தால் முதல் படி முடிந்தது.