கூட்டறிவும் கலைச்சொல்லும்: சொல்லாட்சி, சொல்லாக்கம் என்னும் வேறுபாடு

1. முன்னுரை

ஒருவரையொருவர் நேரில் அறியாத பலர் கூடி ஓர் அறிவுத் தொகுப்பை உருவாக்கும் முயற்சிகள் இணையத்தின் வரவால் பெருகியுள்ளன. இவ்வாறு திரளும் அறிவைக் கூட்டறிவு எனலாம். மொழிபெயர்ப்பாளரும் கலைச்சொல் தொகுப்போரும் இத்தொகுப்புகளைச் சொல்வழக்கிற்குச் சான்றாகக் கொள்கின்றனர். அச்சான்றின் தன்மை யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. அச்சுக்கால முன்னோடி

கூட்டுழைப்பு இணையத்திற்கு முற்பட்டது. ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே 1879-இல் பொதுமக்களுக்கு வேண்டுகோள் ஒன்றை விடுத்தார். தன்னார்வ வாசகர்கள் நூல்களைப் படித்து, சொல், அது பயின்றுவரும் தொடர், நூற்பெயர், ஆண்டு ஆகியவற்றைச் சீட்டுகளில் எழுதி அனுப்பினர். 1884-இல் முதற்பகுதி வெளிவந்த இவ்வகராதி, 18 இலட்சத்திற்கும் மேற்பட்ட மேற்கோள்களுடன் 1928-இல் நிறைவெய்தியது.

இதில் சான்று திரட்டியோர் பலர்; அதனை மதிப்பிட்டோர் சிலர். சீட்டு எழுதியவர் சொல்லைப் படைக்கவில்லை. முன்னரே வழங்கிய சொல்லைப் பதிவு செய்தார். அதாவது, அங்குத் திரட்டப்பட்டது சொல்லாட்சியே.

3. விக்கிப்பீடியாவின் நடைமுறை

2001-இல் தொடங்கப்பட்ட விக்கிப்பீடியாவில் எழுதுவோரே திருத்துவோராகவும் மதிப்பிடுவோராகவும் உள்ளனர். 2003-இல் தோன்றிய அதன் தமிழ்ப் பதிப்பில் தமிழ்நாட்டவரும் இலங்கைத் தமிழரும் ஒருங்கே எழுதுவதால், இருவேறு கலைச்சொல் மரபுகள் எதிரெதிர் நிற்கின்றன. தமிழ்நாட்டில் இயற்பியல், எலக்ட்ரான் என வழங்குபவை இலங்கையில் பௌதிகவியல், இலத்திரன் என வழங்குகின்றன. ஒரு கட்டுரைக்கு ஒரு தலைப்பே அமைய இயலும் ஆதலின், தேர்வு தவிர்க்க முடியாததாகிறது. ஏனைய சொற்களை வழிமாற்றுகளாக அமைக்கலாம்.

இவ்விடத்துக் கூட்டறிவின் தலையாய பயன் புலனாகிறது. அச்சிட்ட கலைச்சொற் பட்டியல்களில் பெரும்பாலும் முடிவு மட்டுமே எஞ்சும். விலக்கப்பட்ட சொல்லும் விலக்கிய காரணமும் மறைந்துவிடும். விக்கிப்பீடியாவிலோ வாதங்கள் பேச்சுப் பக்கத்திலும், மாற்றங்கள் நாளும் நேரமும் குறித்து வரலாற்றுப் பக்கத்திலும் பதிவாகின்றன.

4. சான்றின் மயக்கம்

எனினும் ஓர் இடர் உண்டு. நிலைபெற்ற சொல் இல்லாதவிடத்து எழுதுவோரே புதுச்சொல் ஆக்குகின்றனர். உள்ள சொல்லையும் ஒரு கொள்கை கருதி மாற்றியமைக்கின்றனர். எடுத்துக்காட்டாக, தமிழ்நாட்டுப் பாடநூல்களில் ஆக்சிஜன் எனவும் இலங்கையில் ஒட்சிசன் எனவும் வழங்கும் தனிமம், தமிழ் விக்கிப்பீடியாவில் கிரந்த எழுத்து நீங்கிய ஆக்சிசன் என்னும் வடிவில் இடம்பெற்றுள்ளது.

இத்தகைய வடிவம் தலைப்பானதும் பிற தளங்களில் படியெடுக்கப்படுகிறது. படியெடுத்தலை உரிமமே இசைகிறது. பின்னர் அப்படிகளே வழக்கிற்குச் சான்றாகக் காட்டப்படக்கூடும். நூறு இடங்களில் ஒரு சொல் காணப்படினும் அவற்றின் மூலம் ஒன்றாயின், அது நூறு சான்று ஆகாது. சிலரது ஆக்கம் பலரது ஆட்சிபோல் தோற்றமளிக்கிறது. இயந்திர மொழிபெயர்ப்புக் கருவிகளும் இணைய உரைகளிலிருந்து பயில்வதால் இம்மயக்கம் மேலும் பரவ இடமுண்டு. இதன் விளைவைச் சுமப்பவர், பாடநூலில் ஒரு சொல்லும் மொழிபெயர்ப்பில் மற்றொரு சொல்லும் காணும் மாணவரே.

5. முடிவுரை

கூட்டறிவைப் புறக்கணித்தல் இதற்குத் தீர்வாகாது. இணையத் தொகுப்பிலிருந்து ஒரு சொல்லை எடுத்தாளுவோர் மூன்று வினாக்களை எழுப்புதல் வேண்டும்: அச்சொல் அத்தொகுப்பில் எந்நாளில் முதன்முதல் இடம்பெற்றது? அதற்கு முற்பட்ட அச்சு நூல்களில் அது பயின்றுள்ளதா? பேச்சுப் பக்கத்தில் அதற்கு எழுந்த மறுப்பு யாது? முதல் வினாவிற்கும் மூன்றாம் வினாவிற்கும் விடை அத்தொகுப்பிலேயே கிடைக்கும். இரண்டாவதற்கு நூலகத்தையே நாட வேண்டும். மர்ரேயின் வாசகர் சீட்டில் குறித்த ஆண்டும் நூற்பெயரும் இன்றும் தேவைப்படுகின்றன. புதிய ஆக்கம் குற்றமன்று. அதனை ஆக்கம் என்றே குறித்தல் தொகுப்போரின் கடனாகும்.