விண்ணிலும் மண்ணிலும் சாட்சிகள்

படைப்பைப் பேணும் பொறுப்பை இறைவன் மனிதனிடம் ஒப்படைத்தார் என்பது நமது நம்பிக்கை. அப்பொறுப்பை அவன் எவ்வாறு நிறைவேற்றுகிறான் என்று கணக்குப் பார்க்க இன்று செயற்கைக்கோள்கள் துணை செய்கின்றன. இதற்குத் தென் அமெரிக்காவின் அமேசான் மழைக்காடே சிறந்த சான்று.

1972-ஆம் ஆண்டு அமெரிக்கா முதல் லேண்ட்சாட் செயற்கைக்கோளை ஏவியது. இவ்வரிசையில் இன்று இயங்கும் ஒவ்வொரு கோளும் 16 நாள்களுக்கு ஒரு முறை அதே இடத்தின்மேல் வந்து படமெடுக்கிறது. பசுமையான இலை சிவப்பு ஒளியை உறிஞ்சிக்கொண்டு, நம் கண்ணுக்குப் புலனாகாத அகச்சிவப்பு ஒளியை மிகுதியாகத் திருப்பி அனுப்பும். மரங்கள் வீழ்ந்து வெறும் மண் தெரியும்போது இந்த அளவு மாறிவிடும். முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் ஒப்பிட்டால் அழிந்த காட்டின் பரப்பு தெளிவாகும். மேகமூட்டம் பெருந்தடையாதலால், வறண்ட மாதங்களின் படங்களே பெரிதும் பயன்படுகின்றன.

பிரேசில் நாட்டின் தேசிய விண்வெளி ஆய்வு நிறுவனம் 1988 முதல் ஆண்டுதோறும் இக்கணக்கை எடுத்து வருகிறது. 2004-இல் ஏறத்தாழ 27,700 சதுர கிலோமீட்டர் காடு அழிந்தது. அவ்வாண்டே, காடழிப்பை உடனுக்குடன் அறிவிக்கும் முறையும் தொடங்கப்பட்டது. அரசு அலுவலர்கள் விரைந்து சென்று தடுத்தனர், காப்புக்காடுகளும் பெருகின. 2012-இல் அழிவு ஏறத்தாழ 4,600 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. பின்னர் நடவடிக்கை தளர்ந்தது. 2021-இல் அழிவு 13,000-ஐ எட்டியது. அப்போதும் கோள்கள் மேலே சுற்றிக்கொண்டுதான் இருந்தன! காண்பது வேறு, கண்டதற்கேற்பச் செயலாற்றுவது வேறு.

உண்மையை உரைப்பதும் எளிதன்று. 2019-இல் அன்றைய அதிபர் இக்கணக்கைப் பொய்யென்று சாடினார். அதன் நேர்மைக்காக வாதாடிய நிறுவன இயக்குநர் ரிக்கார்டோ கல்வாவ், ஆகஸ்டு மாதத்தில் பதவியிழந்தார். நவம்பரில் வெளிவந்த ஆண்டுக்கணக்கோ, காடழிப்பு மிகுந்திருந்ததையே உறுதிப்படுத்தியது.

கோள் மரம் வீழ்ந்ததைக் காட்டும். அதனால் வாழ்விழந்தவனின் கண்ணீரைக் காட்டாது. அதற்கு மண்ணில் சாட்சிகள் வேண்டும். பாரா மாநிலத்தின் அனாப்பு பகுதியில் ஏழை உழவர்களோடு வாழ்ந்து, காட்டை அழிக்காமல் பிழைக்கும் வழியை ஆதரித்தவர் அருட்சகோதரி டாரத்தி ஸ்டாங். நிலம் பறிப்போரை எதிர்த்தமையால், 2005 பிப்ரவரி 12 அன்று, தமது 73-ஆம் வயதில் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார்.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ், 2015-இல் வெளியிட்ட சுற்றுமடலில், பூமியின் துயரையும் ஏழைகளின் துயரையும் பிரித்துப் பார்க்கலாகாது என வலியுறுத்தினார். 2019 அக்டோபரில், அமேசான் பகுதிக்கென ஆயர்கள் மாமன்றத்தையும் உரோமையில் கூட்டினார்.

பெற்றோர்களே, அறிவியல் பயிலும் நம் பிள்ளைகளுக்கு இவற்றை எடுத்துரைப்போம். படைப்பைப் பிழையின்றி அளப்பதும் இறைப்பணியே. அளந்ததை அஞ்சாமல் உரைப்பதும், உரைத்தபின் எளியோர் பக்கம் நிற்பதும் அப்பணியின் நிறைவாகும்.