கூண்டுக்கு வெளியே ஒரு கேமரா

டெல்லி உயிரியல் பூங்காவுக்குப் பெரிய லென்ஸோடு வருகிறவர்களில் பலர், புலியையும் யானையையும் தாண்டிக் குளக்கரைக்குப் போகிறார்கள். அங்கிருக்கும் மஞ்சள்மூக்கு நாரைகளை யாரும் அடைத்து வைக்கவில்லை. பூங்கா 1959-இல் திறக்கப்பட்டது. அடுத்த ஆண்டே காட்டு நாரைகள் தாமாக வந்து, குளத்துத் தீவு மரங்களில் கூடு கட்டத் தொடங்கின. மழைக்காலத்தில் வந்திறங்கி, குஞ்சு பொரித்து வளர்த்து, கோடை முற்றுமுன் கிளம்பிவிடுவது இன்றுவரை அவற்றின் வழக்கம்.

அவசரமாக வந்து போகிறவருக்கு நாரை ஒற்றைக்காலில் நிற்கும் படம் கிடைக்கும். சற்று உட்கார்ந்து பார்ப்பவருக்கு ஒரு குடும்பமே தெரியும். தாயோ தந்தையோ இரையோடு திரும்பி, விழுங்கிய மீன்களைக் கூட்டில் கக்கும். குஞ்சுகள் முண்டியடித்து எடுக்கும். வெயில் ஏறினால் பெரிய நாரை சிறகை விரித்து நின்று குஞ்சுகளுக்கு நிழல் தரும். படம் எடுக்கக் காலை வெளிச்சமே நல்லது என்பார்கள். ஆனால் நாரையின் இந்தப் பழக்கத்தை அறிந்தவர், காலை வெளிச்சம் போன பின்னும் குளக்கரையை விட்டு நகரமாட்டார்.

பறவைப் படக்கலையின் உயிர் இந்தக் கவனத்தில்தான் இருக்கிறது. கேமரா கவனத்தைக் கெடுக்கவும் செய்யும். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹென்கல் 2014-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைக் காட்டியது. அருங்காட்சியகத்தில் பொருள்களைப் படமெடுத்துக்கொண்டவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே அவற்றை நினைவில் வைத்திருந்தார்கள். ஆனால் ஒரு பொருளின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கி எடுத்தவர்களுக்கு அந்த மறதி நேரவில்லை. எதை எடுக்கப்போகிறோம் என்று யோசித்தவர் மனதில் பொருளும் தங்கிவிட்டது.

டெல்லி எல்லையில், யமுனையின் ஓக்லா தடுப்பணையை ஒட்டிய நீர்ப்பரப்பு 1990-இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. அங்கே கருப்புவெள்ளை மீன்கொத்தியைப் படமெடுப்பது இந்த யோசனைக்கு நல்ல பயிற்சி. அது நீருக்கு மேலே அந்தரத்தில் சிறகடித்து நிற்கும். தலை மட்டும் அசையாது. ஷட்டர் வேகத்தை நொடியில் 2000-இல் ஒரு பங்காக வைத்தால் ஒவ்வோர் இறகும் தனித்தனியாக உறைந்து நிற்கும். வேகத்தைக் குறைத்தால் சிறகுகள் புகைபோலக் கலங்கி, கண் மட்டும் கூர்மையாகத் தெரியும். முதலாவது இறகைக் காட்டுகிறது. இரண்டாவது உழைப்பைக் காட்டுகிறது. எது வேண்டும் என்று முடிவெடுக்கும் இடத்தில்தான் படமெடுப்பவர் கலைஞராகிறார். டிசம்பர், ஜனவரி மூடுபனியில் வண்ணங்கள் மங்கும்போது, பறவையின் உருவக்கோட்டையும் வெற்றிடத்தையும் மட்டுமே வைத்துப் படம் அமைக்கலாம்.

கருவியின் விலை இதில் இரண்டாம்பட்சம். தமிழ் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், தானே பாகங்களைச் சேர்த்து அமைத்த கனமான கேமராவில் கருப்பு வெள்ளைப் படங்களையே எடுத்தார். 'தி ஸ்டேட்ஸ்மேன்' நாளிதழில் 1950 முதல் 1996-இல் மறையும்வரை இயற்கை பற்றிய பத்தியை எழுதிய அவர், சாதாரண காகத்துக்கும் மைனாவுக்கும்கூட முழு அக்கறையைத் தந்தவர்.

இந்த அக்கறை இல்லாமல் எடுக்கும் படம் பறவைக்குச் சுமை. குளிர்காலத்தில் டெல்லி காஷ்மீரி கேட் அருகே யமுனைப் படித்துறையில் கடற்காகங்கள் கூட்டமாக வரும். படத்துக்காகப் படகிலிருந்து சேவும் மிக்சரும் வீசுகிறார்கள். எண்ணெயில் பொரித்த உப்புத் தின்பண்டம் மீன் தின்னும் பறவைக்கு உணவல்ல. பதிவுசெய்த குரலை ஒலிபரப்பிப் பறவையை வரவழைப்பது, கூட்டை மறைக்கும் கிளையை ஒடிப்பது, இரவில் ஆந்தையின் கண்ணில் ஃபிளாஷ் அடிப்பது ஆகியவற்றையும் கைவிட வேண்டும். பறவை இரை தேடுவதை நிறுத்திவிட்டு நம்மையே பார்க்கத் தொடங்கினால், நாம் ஏற்கெனவே அளவுக்கு மீறி நெருங்கிவிட்டோம்.

கவனத்தோடு எடுத்த படம் அறிவியலுக்கும் உதவும். 2023-இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை குறித்த அறிக்கை, 30,000-க்கும் மேற்பட்ட ஆர்வலர்கள் 'இபேர்ட்' தளத்தில் சேர்த்த சுமார் 3 கோடிப் பதிவுகளைக் கொண்டு 942 இனங்களை மதிப்பிட்டது. அரிய பறவையைக் கண்டதாகச் சொல்லும்போது, படம்தான் வலுவான சான்று.

டெல்லியில் தொடங்க நினைப்பவர்கள் நாளையே லோதி தோட்டத்துக்குப் போகலாம். சாம்பல் இருவாச்சியும் புள்ளி ஆந்தையும் அங்கேயே வாழ்கின்றன. ஒரே மரத்தடியில் 15 நிமிடம் நின்று, கண்டதையெல்லாம் குறித்துக்கொண்டு, அதன் பிறகு கேமராவை எடுக்கலாம். பிப்ரவரியில் நான்கு நாள் உலகெங்கும் நடக்கும் கொல்லைப்புறப் பறவைக் கணக்கெடுப்பில் சேரவும் அந்த 15 நிமிடம் போதும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குப் பொங்கல் விடுமுறையிலேயே ஒரு பறவைக் கணக்கெடுப்பு காத்திருக்கிறது.