பெயருக்குப் பூட்டு

பெரம்பலூரிலிருந்து துறையூர் செல்லும் சாலையில் இருக்கிறது குரும்பலூர். அங்கே ஐந்து கணிப்பொறிகள் உள்ள ஒரு சிறு அலுவலகத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே இணைய இணைப்பு. "வேலை நேரத்தில் வீடியோ பார்க்கிறார்கள். அந்தத் தளத்தை மட்டும் அடைத்துவிடு" என்கிறார் முதலாளி. எப்படி அடைப்பீர்கள்?

இணையத்தில் முகவரி என்பது எண். நாம் தட்டுவதோ பெயர். ஆகவே கணிப்பொறி முதலில், "இந்தப் பெயருக்கு என்ன எண்?" என்று பெயர்ச் சேவையகம் ஒன்றைக் கேட்கிறது. ஆர்ப்பாநெட் காலத்தில் பெயர்கள் எல்லாம் ஒரே கோப்பில் அடங்கின. கணிப்பொறிகள் பெருகவே, 1983-இல் பால் மொக்கபெட்ரிஸ் என்ற அமெரிக்கர், பட்டியலைப் பல சேவையகங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் டி.என்.எஸ். முறையை வகுத்தார்.

பூட்டு போடுவது இங்கேதான். ரௌட்டரில், வடிகட்டும் சேவையகம் ஒன்றின் எண்ணைக் குறித்து வைப்போம். தடை செய்த பெயரைக் கேட்டால், "அப்படி ஒன்று இல்லை" என்று அது பொய் சொல்லும். எண் கிடைக்காததால் பக்கம் திறக்காது.

சுட்டியான ஊழியர் ஒருவர் தம் கணிப்பொறியில் கூகுளின் 8.8.8.8 என்ற சேவையக எண்ணை எழுதிவிட்டால்? அந்தக் கேள்வி வெளியே போகும் 53ஆம் வாயிலை ரௌட்டரில் மூடலாம். ஆனால் இன்றைய உலாவிகள் கேள்வியையே மறைகுறியாக்கி, மற்ற வலைப்பக்கங்கள் போகும் 443ஆம் வாயில் வழியே அனுப்பவும் வல்லவை. அதை மூடினால் எந்தப் பக்கமும் வராது! சட்டைப் பையிலுள்ள செல்பேசியைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பெயரை அடைத்தால் தளம் முழுவதும் அடைபடும். 2012-இல் '3' என்ற தமிழ்ப் படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்கச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. இணையச் சேவை நிறுவனங்கள் சில, விமியோ போன்ற தளங்களை முழுவதுமாகவே முடக்கின. தாமே எடுத்த படங்களை அங்கே வைத்திருந்தவர்களின் படைப்புகளும் சேர்ந்து அடைபட்டன. குறிப்பிட்ட பக்க முகவரிகளை மட்டுமே தடுக்க வேண்டும் என்று அதே ஆண்டு ஜூனில் நீதிமன்றம் தெளிவுபடுத்தியது.

நம் குரும்பலூர் அலுவலகத்திலும் இதே கதைதான். ஜி.எஸ்.டி. படிவம் நிரப்பும் முறையைக் கணக்கர் அந்த வீடியோ தளத்தில்தான் பார்த்துக் கற்கிறார் என்றால், அவர் வேலையும் நின்றுவிடும்.

வேண்டிய தளங்களை மட்டும் அனுமதிக்கலாமே என்பீர்கள். சிறு அலுவலகத்துக்கு அதுவே நல்லது என்பது என் எண்ணம். ஆனால் ஒரு வங்கியின் பக்கம் தன் படங்களையும் நிரல்களையும் வேறு பெயருள்ள சேவையகங்களிலிருந்து எடுக்கக்கூடும். அவற்றையும் பட்டியலில் சேர்க்காவிட்டால் பக்கம் அரைகுறையாகத்தான் வரும். எனவே முதல் வாரம் முழுவதும் ஒருவர் நோட்டும் பேனாவுமாக ஊழியர்கள் பக்கத்தில் உட்கார்ந்து, எது திறக்கவில்லை என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியிருக்கும்.