பல்லடைப்பும் கிருமித் தடுப்பும்

மரக்கலங்கள் கடலோடிய காலத்திலே திருகோணமலைத் துறையை நாடி வந்த மாலுமிகள் புயலுக்கு அஞ்சியது போலவே ஒரு சிறு பிராணிக்கும் அஞ்சினர். கப்பற்புழு என வழங்கும் அப்பிராணி உண்மையிற் புழுவன்று, சிப்பியினத்தைச் சேர்ந்தது. வெப்பக் கடல்களில் மிகுந்து பெருகும் இயல்புடையது. அது புகுந்த பலகையின் வெளிமுகத்தில் ஊசித்துளை அளவே காணப்படும். உள்ளே பலகை முழுவதும் அரிக்கப்பட்டிருக்கும். பற்சூத்தையும் அத்தகையதே. மேலே ஒரு கரும்புள்ளி, உள்ளே பெருங்குழி. பல்லைப் புழுவே அரிக்கின்றது எனப் பண்டைப் பபிலோனியர் தொடக்கம் பல நாட்டு மக்களும் நெடுங்காலம் நம்பி வந்ததில் வியப்பில்லை.

சூத்தையின் உண்மைக் காரணத்தை விளக்கிப் பெயர் பெற்றவர், பெர்லின் நகரிற் பணியாற்றிய அமெரிக்கப் பல்வைத்தியர் மில்லர் ஆவார். வாயிலுள்ள நுண்ணுயிர்கள் மாப்பொருளையும் வெல்லத்தையும் அமிலமாக மாற்றுகின்றன என்றும், அவ்வமிலமே பல்லின் சுண்ணச் சத்தைக் கரைக்கின்றது என்றும் 1890இல் வெளியான நூலில் அவர் எடுத்துக்காட்டினார். 1924இல் இங்கிலாந்திலே கிளார்க் என்பார் சூத்தைப் பற்களிலிருந்து ஸ்ரெப்ரோகொக்கஸ் மியூற்றன்ஸ் என்னும் பற்றீரியாவைப் பிரித்தெடுத்தார். பல்லை மூடிய படலத்தின் பீ.எச். பெறுமானம் ஏறத்தாழ 5.5இற்குக் கீழிறங்கும்பொழுது பல்லின் மேலோடாகிய மிளிரி கரையத் தொடங்குகின்றது. சீனி கலந்த தேநீரை அருந்திய சில நிமிடங்களுள்ளே இந்நிலை எய்தப்படும்; உமிழ்நீர் அதனை மெல்ல மெல்ல மீட்டெடுக்கும். மீட்பதற்கு முன் அடுத்த கோப்பை வந்துவிடுமாயின் இழப்பே எஞ்சும்.

இவையெல்லாம் பாடநூல்களிற் காணப்படுவனவே. பலரும் எண்ணிப் பாராத வினா ஒன்றுண்டு: சூத்தையை அகற்றிக் குழியை அடைத்த பின்னரும் அப்பல் மீண்டும் சூத்தையாவது ஏன்?

அடைப்பிற்கும் பல்லிற்கும் இடையே ஒரு பொருத்துவாய் இருக்கின்றது. கண்ணுக்குத் தோன்றாத அவ்விடைவெளி, மில்லிமீற்றரின் ஆயிரத்திலொரு பங்கு பருமனேயுள்ள பற்றீரியாவுக்கு அகன்ற வீதியாகும். உமிழ்நீரோ பல்துலக்கியோ அங்கே எட்டாது. ஆலங்குச்சியையும் வேலங்குச்சியையும் போற்றியவர்களின் அனுபவம் பொய்யன்று. அவற்றின் துவர்ப்பும் உராய்வும் பல்லின் வெளிமுகத்துக்கு நன்மை செய்தன. ஆனால் அடைப்பின் ஓரத்துள் எக்குச்சியும் நுழையாது. அங்கே தோன்றும் இரண்டாஞ் சூத்தையை அகற்ற மேலும் சிறிது தோண்டவேண்டும், அடைப்புப் பெரிதாகும், சில ஆண்டுகளில் அதுவும் பழுதாகும். இவ்வாறு இரண்டு மூன்று முறை நிகழ்ந்தால் பல்லைப் பிடுங்குவது தவிர வேறு வழியிராது. ஆறாம் வயதளவில் முளைக்கும் முதற் கடைவாய்ப்பல்லுக்கே இக்கதி பெரும்பாலும் நேர்கின்றது. பாற்பல் எதுவும் விழாமலே பின்வரிசையில் அது தோன்றுவதால், அதனையும் பாற்பல்லெனக் கருதிப் பெற்றோர் வாளா இருந்துவிடுகின்றனர்.

நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பல்லடைக்கப் பயன்பட்டது இரசக்கலவை. அதன் நிறையிற் பாதியளவு இரசம். எஞ்சியது வெள்ளி, வெள்ளீயம், செம்பு ஆகியன. உறுதியானது, மலிவானது, ஈரத்துக்கு அதிகம் அஞ்சாதது. காலப்போக்கில் அது அரிப்புறும்பொழுது உண்டாகும் பொருள்களே பொருத்துவாயை அடைத்துக்கொள்ளும் என்பது அதன் தனிச் சிறப்பு. ஆயினும் இரசக் கழிவு நிலத்தையும் நீரையும் சேர்வதைத் தடுக்கும் பொருட்டு 2013இல் கைச்சாத்தாகி 2017இல் நடைமுறைக்கு வந்த மினமாற்றா உடன்படிக்கை அதன் உபயோகத்தைக் குறைக்குமாறு வகுத்தது. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பாகும். ஐரோப்பிய ஒன்றியம், வைத்தியர் இன்றியமையாததெனக் கருதும் இடங்கள் நீங்கலாக, 2025 சனவரி முதலாந் திகதி தொடக்கம் அதனை விலக்கியது.

இரசக்கலவையின் இடத்தைப் பெற்றது, பல்லின் நிறமொத்த செயற்கைப் பிசினும் கண்ணாடித் துகளும் சேர்ந்த கூட்டுப்பொருள். அழகிற் குறைவில்லை. ஆனால் ஒளிபட்டு இறுகும்பொழுது அது நூற்றுக்கு இரண்டு மூன்று பங்கு சுருங்குகின்றது. சுருங்கிய இடம் கிருமிக்கு வாயிலாகின்றது. பழைய கலவையைப்போலத் தன் ஓரத்தைத் தானே மூடிக்கொள்ளும் ஆற்றலும் அதற்கில்லை. ஆதலின் அடைக்கும் பொருளே கிருமியைக் கொல்லவேண்டும் என்னும் கருத்து வலுப்பெற்றது.

இவ்விடத்தில் மீண்டும் துறைமுகத்தை நோக்குவது தகும். கப்பற்புழுவைத் தடுக்க 1761இல் பிரித்தானியக் கடற்படை ‘அலார்ம்’ என்னும் கப்பலின் அடிப்புறத்தைச் செப்புத் தகட்டால் மூடியது. தகட்டிலிருந்து சிறிது சிறிதாகக் கரையும் செம்பு, ஒட்டவரும் உயிர்களைத் தடுத்தது. ஆனால் செம்பு தொட்ட இரும்பாணிகள் உளுத்துப் போயின. தகடு சுற்றிவந்த தாள் அகற்றப்படாதிருந்த இடங்களில் மட்டும் ஆணிகள் தப்பின. நஞ்சு கசியும் பூச்சுகள் பிற்காலத்தில் வந்தன. அவற்றுள் வெள்ளீயச் சேர்வை கலந்தது மிக்க வலிமையுடையதாயினும், பிரான்சின் குடாக்களில் வளர்ந்த சிப்பிகளைக் கெடுத்ததால் 1982இலேயே அங்கு சிறு படகுகளுக்கு அது தடுக்கப்பட்டது. 2008இல் சர்வதேச உடன்படிக்கையொன்று உலகெங்கும் அதனை விலக்கியது.

பல்லடைப்பிலும் இதே இடர்ப்பாடு உண்டு. குளோரெக்சிடின் போன்ற கிருமிகொல்லியை அடைப்பிற் கலந்தால் அது கசிந்து கிருமியைக் கொல்லும். முதற் சில நாட்களிலே பெரும்பகுதியும் வெளியேறிவிடும். பின்னர் வேகம் தளரும். நெடுநாள் நீடிக்கவேண்டி அளவைக் கூட்டினால் அடைப்பின் வலு குன்றும். கசியாமலே கொல்லும் பொருள் ஒன்றுண்டோ எனத் தேடிய இமசாட்டோ முதலிய யப்பானிய ஆராய்ச்சியாளர் 1994இல் ஒரு புதிய மூலக்கூறு பற்றி வெளியிட்டனர். அதன் ஒரு முனை பிசினோடு பிணைந்துகொள்ளும். நேரேற்றம் பெற்ற மறுமுனை, தன்னைத் தொடும் பற்றீரியாவின் மென்சவ்வைச் சிதைக்கும். வாயிலிட்ட பூட்டினைப்போல அது இடம்விட்டு நகராது. 2019இல் தெல் அவிவ் பல்கலைக்கழகத்தினர், அமினோ அமிலமொன்றிலிருந்து ஆக்கிய நுண்கட்டமைப்புகளைப் பிசினிற் கலந்து, பல்லடைப்பின் வலுவைக் கெடாது கிருமிகளைத் தடுக்கலாம் என ஆய்வுகூடத்திற் காட்டினர்.

ஆய்வுகூடத்தில், என்பதை இங்கே அழுத்திச் சொல்லவேண்டும். கண்ணாடிக் கிண்ணத்தில் சில நாட்கள் நடக்கும் சோதனை வேறு; ஆண்டுக்கணக்காக மெல்லும் வாய் வேறு. வாயில் வைத்த எப்பொருளையும் சில நிமிடங்களிலே உமிழ்நீர்ப் புரதம் போர்த்துவிடும். செத்த கிருமிகளும் அதன்மேற் படியும். தொட்டாலன்றிக் கொல்லாத பொருளுக்கு இப்போர்வை பெருந்தடை. கூட்டுப்பொருள் அடைப்புகளிற் சேர்த்த கிருமிகொல்லிகள் மனிதரிடத்துச் சூத்தையைத் தடுக்கின்றனவா என ஆராய்ந்த கொக்ரேன் மதிப்பாய்வு, 2009இலும் மீண்டும் 2013இலும், தன் அளவைக்கு ஏற்ற மருத்துவச் சோதனை ஒன்றையும் காணவில்லை. விளம்பரங்களைப் படிப்போர் இதனை நினைவிற் கொள்ளுதல் நலம்.

பகட்டில்லாத வேறொரு பொருள் இதற்குள் தன் தகைமையை நிலைநாட்டிவிட்டது. 1969இல் இலண்டனில் வில்சன், கென்ற் என்னும் இருவர் உருவாக்கிய கண்ணாடி அயனோமர்ச் சீமெந்து அது. கண்ணாடித் தூளையும் ஓர் அமிலக் கரைசலையும் குழைத்தால் சில நிமிடங்களில் இறுகும். பல்லின் கல்சியத்தோடு இரசாயன முறையிற் பிணையும். புளோரைட்டை மெல்ல வெளிவிடும். அப்புளோரைட்டு கிருமியைக் கொல்வதிலும் கூடுதலாக, கரைந்த பல்லோட்டை மீளக் கட்டுவதற்கே உதவுகின்றது. பெருங்குழிகளில் இச்சீமெந்து தேய்ந்து உடையும் என்பது அதன் குறை. எனினும் மின்சாரமோ சுழலும் துளைகருவியோ இன்றி, கைக்கருவியாற் சூத்தையைச் சுரண்டி அடைக்கும் முறை 1980களில் தன்சானியாவிற் கையாளப்பட்டது. அதற்கு வாய்ப்பானது இச்சீமெந்தே. குழியை அடைக்காது பூசிச் சூத்தையை நிறுத்தும் வெள்ளிப் புளோரைட்டுத் திரவமும், இச்சீமெந்தும் 2021இல் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இடம்பெற்றன. வெள்ளித் திரவம் பூசிய இடம் கரியாகக் கறுக்கும். முன்பல்லாயின் தாய்மார் முகஞ்சுளிப்பர். பல்லுக்கொதியால் இரவெல்லாம் அழும் பிள்ளையின் கடைவாய்ப்பல்லாயின் அக்கருமை பெரிதன்று.

திருகோணமலை மாவட்டத்துக்கு இம்முறைகள் பொருந்துவதற்கு அதன் நில அமைப்பே காரணம். நகரும் அதன் வைத்தியசாலையும் குடாவின் ஒரு கரையில். மூதூரும் கிண்ணியாவும் மறுபுறத்தில். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படும் வரை பாதையையும் இயந்திரப் படகையும் நம்பியே மக்கள் வந்து போயினர். வெருகல், ஈச்சிலம்பற்றைப் பிள்ளைகளுக்கு இன்றும் நகரம் நெடுந்தொலைவே. 1950களில் கொழும்புத் திட்டத்தின்கீழ் நியூசிலாந்தின் உதவியோடு மகரகமவிற் பயிற்சி நிலையம் அமைத்துத் தொடங்கிய பாடசாலைப் பற்சிகிச்சைச் சேவை, பிள்ளையை வைத்தியரிடம் அழைப்பதற்குப் பதிலாகச் சிகிச்சையைப் பிள்ளையிடம் கொண்டுசெல்லும் நோக்குடையது. கைக்கருவிகளும் ஒரு புட்டிச் சீமெந்தும் ஒரு பையினுள் அடங்கும்; வகுப்பறை மேசையே சிகிச்சைக் கட்டிலாகும்.

கப்பலின் செப்புத் தகட்டைச் சில ஆண்டுகளுக்கொருமுறை மாற்றவேண்டியிருந்தது. அயனோமர் அடைப்புக்கோ அத்தேவை குறைவு. வெளிவிட்ட புளோரைட்டை, துலக்கும் பற்பசையிலிருந்து அது ஓரளவு மீளப் பெற்றுக்கொள்ளும். அதற்குப் பற்பசையிற் பத்து இலட்சத்துக்கு ஆயிரம் முதல் ஆயிரத்தைந்நூறு பங்கு புளோரைட்டு இருத்தல் வேண்டும். அந்த எண் பற்பசைக் குழாயின் பின்புறத்திலே சிறிய எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும்.