வலையில் சிக்கும் திருக்கைகளும் மீனவர் வருவாயும்

சூரை மீனை நாடி விரிக்கப்படும் செவுள் வலை, சூரை எது, திருக்கை எது என்று பிரித்தறிவதில்லை. கடலின் மேலடுக்கில் நீந்தும் கொம்புத் திருக்கைகள் அதில் எளிதில் அகப்பட்டுக்கொள்கின்றன. கொச்சியைத் தளமாகக் கொண்டு ஆழ்கடலுக்குச் செல்லும் குமரி மாவட்டத் தூத்தூர் மீனவர்களுக்கு இது புதிய செய்தியன்று.

சூரை ஒரு பருவத்தில் இலட்சக்கணக்கில் முட்டையிடும். கொம்புத் திருக்கையோ பெரும்பாலும் ஒரே குட்டியை ஏறத்தாழ ஓராண்டுக் காலம் சுமந்து ஈனுகிறது. அடுத்த குட்டிக்குச் சில ஆண்டுகள்கூட ஆகலாம். பொருளியலார் மொழியில், இது வட்டி மிகக் குறைந்த வைப்பு. முதலில் கைவைத்தால் மீள்வது அரிது. முன்னர்க் கருவாட்டுக்கே பயன்பட்ட இம்மீனின் செவுள் தகடுகளுக்குச் சீன மருந்துச் சந்தையில் விலை ஏற்பட்டதும், தற்செயலாகச் சிக்கியதே வருவாயாக மாறிற்று.

சட்டங்கள் இல்லாமலில்லை. வேளா மீன்கள், முள் திருக்கை உள்ளிட்ட பத்து இனங்கள் 2001ஆம் ஆண்டு வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன. அருகிவரும் உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு ஒப்பந்தம் 2013இல் யானைத் திருக்கைகளையும், 2016இல் ஏனைய கொம்புத் திருக்கைகளையும் தன் கட்டுப்பாட்டுக்குள் கொணர்ந்தது. இந்தியா உறுப்பு வகிக்கும் இந்தியப் பெருங்கடல் சூரை ஆணையம், 2019இல் இவற்றைப் படகில் வைத்திருப்பதைத் தடை செய்தது. குடும்ப உணவுக்காகப் பிடிப்போருக்கு மட்டும் விலக்கு உண்டு. சிக்கியதை உயிருடன் விடுவிக்க வேண்டும். கொக்கியால் குத்தவோ, செவுள் பிளவில் கைவிட்டுத் தூக்கவோ, உடலில் துளையிட்டுக் கயிறு கோக்கவோ கூடாது என்பது விதி.

விதி தெளிவானதே, ஆயினும் படகின் தளத்தில் நிலைமை வேறு. கொம்புத் திருக்கை நீந்திக்கொண்டிருந்தால்தான் செவுள் வழியே நீர் பாய்ந்து மூச்சு நடைபெறும். சுருக்கு வலையில் அது ஓரளவு நீந்த இடமுண்டு. செவுள் வலையில் பல மணி நேரம் அசைவற்றுக் கிடந்தால் பெரும்பாலும் மடிந்தே மேலே வரும். எனவே விடுவிக்கும் முறையைக் கற்பிப்பது மட்டும் போதாது. வலை நீரில் கிடக்கும் நேரத்தைக் குறைத்தாக வேண்டும்.

உயிருடன் உள்ளதை விடுவிக்க வலையை அறுக்க நேரிட்டால் அந்த இழப்பு யாருடையது? குஜராத்தில் திமிங்கலச் சுறாவை விடுவிக்க வலையை அறுத்த மீனவர்களுக்கு வனத்துறை நிவாரணம் வழங்கியுள்ளது. மகாராஷ்டிரமும் 2018இல் பாதுகாக்கப்பட்ட கடல் உயிர்களை விடுவிப்போருக்கு 25,000 ரூபாய் வரை இழப்பீடு அறிவித்தது. கேரளமும் தமிழகமும் திருக்கைகளுக்கு இம்முறையைக் கைக்கொள்ளலாம். செலவு பெரிதாக இராது, ஆனால் கோரிக்கைக்கும் பணத்திற்கும் இடையே மாதங்கள் கழியுமானால் அடுத்த திருக்கைக்கு எவரும் வலையை அறுக்கமாட்டார்.